ஒரு குழந்தைக்கு எட்டு நிமிடம்

(கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம் தாயாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், என்னை அழைத்த தமிழ்த்துறைக்கும் முதலில் நன்றி. சங்க இலக்கியத்தையும் கல்வெட்டையும் பற்றிப் பேசியவர்கள் நின்ற மேடை இது. நானோ புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து, பெரும்பாலும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளிலேயே இருந்து ஓய்வு பெற்றவள். 'அ'னா எழுதச் சொல்லித்தந்த டீச்சருக்கு ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தோன்றினால் தப்பில்லை, ஊரே அப்படித்தான் நினைக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. சின்ன வகுப்பு ஆசிரியருக்குச் சொல்லித்தருவது பாதி வேலைதான். ஒரு குழந்தை ஏன் தப்பாகச் சொல்கிறது, ஏன் தப்பாக எழுதுகிறது என்று கண்டுபிடிப்பது மறு பாதி. முதல் பாதிக்குப் பாடநூல், அட்டை, காணொளி என்று துணைகள் நிறைய வந்துவிட்டன. மறு பாதிக்கு ஆசிரியரின் கண்ணும் காதும்தான் கருவி; அதற்குத் தேவையானது நேரம். அந்த நேரம் எவ்வளவு இருக்கிறது, எங்கே போகிறது, கிடைத்தால் அதில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சட்டம் தரும் கணக்கு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி. வகுத்தால் நாளுக்கு நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். 30 குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்பது பொது விகிதம். 240ஐ 30ஆல் வகுங்கள்: குழந்தைக்கு எட்டு நிமிடம். வகுப்பு முழுமைக்கும் சேர்த்து எதுவுமே நடத்தாமல் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பார்த்தாலும் அந்த எட்டு நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி கிடையாது.

அடுத்து நடப்புக்கு வருவோம். அதே சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். நம் கிராமப் பள்ளிகளில் ஏராளமானவை இந்த ஈராசிரியர் பள்ளிகள்தாம். ஆசிரியர் இரண்டு பேர், வகுப்புகள் ஐந்து. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு நான்கு பாடம். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் பிரிந்து ஐந்து பாடம். கூட்டினால் 23 பாடங்கள். வழக்கமாக ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றையும், மற்றவர் நான்கு, ஐந்தையும் பார்ப்பார். அந்த மற்றவர்தான் தலைமையாசிரியர். கூட்டம், கடிதம், வங்கி, அதிகாரி வருகை எல்லாம் அவர் தலையில் விடியும். இருவரில் ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போனாலோ, விடுப்பு எடுத்தாலோ அன்று பள்ளி ஓராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் இருந்தால் எட்டு நிமிடம் நான்காகிவிடும்.

பிள்ளைகள் மொத்தமே 25 என்றால்? அறிக்கையில் அது வசதியான பள்ளி. ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தானே என்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் மூன்று வகுப்பாகப் பிரிந்து மூன்று புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பது அறிக்கையில் தெரியாது. சட்டம் தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணவில்லை.

இந்த நிலைமை புதிதும் இல்லை. நம் திண்ணைப் பள்ளியிலும் ஒரே வாத்தியாரைச் சுற்றிப் பல நிலைப் பிள்ளைகள் இருந்தார்கள். மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை இளையவனுக்கு மணலில் எழுதப் பழக்குவான். சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் அங்கே இருந்தார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் கொண்டுவந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ்.

பெருமைப்படலாம். கூடவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டன் அந்த முறையை வாரி அணைத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் அது மலிவானது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புப் பையனுக்குக் கை பிடித்து எழுத வைப்பதை நானும் ரசித்திருக்கிறேன். சொல்லித்தந்ததில் அவளுக்கே பாடம் உறுதியானதையும் கண்டிருக்கிறேன். ஆனால் பையன் ஏன் தப்பு விடுகிறான் என்று அந்தப் பெண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 'தப்பு, அழி' என்றுதான் அவளால் சொல்ல முடியும்.

பாடத்துக்கு முன்னால்

தொடக்கப் பள்ளியின் காலை எப்படி இருக்கும் என்று உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். ஒருத்தியின் பின்னல் அவிழ்ந்திருக்கும். ஒருவன் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டிருப்பான். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டியபடி ஒருவன் முன்னால் வந்து நிற்பான். அன்று முழுவதும் அந்தப் பல்தான் வகுப்பின் முதன்மைச் செய்தி. 'டீச்சர், இவன் என் ரப்பரைக் கடிச்சுட்டான்' என்ற வழக்குக்குத் தீர்ப்பு சொல்லாமல் தமிழ்ப் பாடம் தொடங்காது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் அக்கா உண்டு. பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் தம்பியை அங்கே விட்டுவிடலாம். அவன் அங்கே இருக்க மாட்டேன் என்று அழுதால் அவனும் நம் பதிவேட்டில் இல்லாத மாணவன்.

பிறகு வழிபாட்டுக் கூட்டம், வருகைப் பதிவு. வருகையைப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும், எமிஸ் என்ற கல்வித் தகவல் செயலியிலும் ஏற்ற வேண்டும். சிக்னல் பள்ளிக்குள் வராது, வேப்பமரத்தடியில்தான் வரும். அங்கே போய் நிற்கும்போது உள்ளே வகுப்பு தன்னைத்தானே நடத்திக்கொண்டிருக்கும். சீருடை, காலணி, புத்தகப்பை வந்த விவரம், கொடுத்த விவரம், உடல் நலப் பரிசோதனை, உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு, ஆதார், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மானம் எல்லாம் அந்தக் கைப்பேசி வழியாகவே போகும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்விக்கு அப்பாற்பட்ட வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்குத் தருகிறது. அந்த மூன்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். நாட்டுக்குத் தேவையான வேலை. அதுவும் எப்போதாவது வருவது. தினமும் வருவது வேறு. வெளியே அனுப்பாமல், வகுப்பிலேயே உட்கார வைத்து, கைப்பேசியைப் பார்க்க வைக்கும் வேலை அது. ஆசிரியர் வகுப்பில்தான் இருக்கிறார். கண் மட்டும் அங்கே இல்லை. சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

பத்தரை மணி வயிற்றுவலி

நான் பணியில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டையைக் கலக்கிய காலம். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். கைநாட்டு வைத்த தாய்மார்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, பிள்ளையின் பதிவேட்டில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிப் பார்க்க வருவார்கள். படிப்பின் மீது இவ்வளவு ஆசை வைத்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் காலை பத்தரை மணிக்கு வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுப்பார்கள். பத்தரை மணி வயிற்றுவலிக்கு மருந்து கிடையாது. 'காலைல என்னடா சாப்ட்ட?' என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அம்மா விடியலில் நடவுக்கோ களை எடுக்கவோ போயிருப்பார். பின்னாளில் நூறு நாள் வேலைக்கு.

மதிய உணவின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், 1956இல் காமராசர் காலத்தில் மாநிலத் திட்டமானதும், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியதும், 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது 2010இல் பள்ளி நாள்தோறும் முட்டையானதும் நம் பெருமைகள். ஆனால் அத்தனை ஆண்டுகளும் அந்தப் பத்தரை மணி அப்படியே இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும்.

இதை நலத்திட்டமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் வகுப்பறைக்குள் இருந்து பார்த்தேன். எங்கள் பள்ளியில் காலை முதல் இரண்டு பாடவேளை கூடுதலாகக் கிடைத்தது. முன்பு ஒன்பதரைக்கு மேல் வந்தவர்கள் எட்டரைக்கே வந்தார்கள். அடுப்பு வேலையை முடித்துப் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்ற பதற்றம் தாய்மாருக்குக் குறைந்தது. பசித்த பிள்ளை விடும் தப்பையும் புரியாத பிள்ளை விடும் தப்பையும் பிரித்தறிவது ஆசிரியருக்கு எளிதானது. பிழையைப் படிப்பதுதான் என் தொழில் என்றால், காலை உணவு அந்தப் படிப்பில் கலந்திருந்த கலப்படத்தை எடுத்துவிட்டது.

பிழைக்கும் இலக்கணம் உண்டு

இது தமிழ்த்துறை என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்துப் பேசுகிறேன்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சொல்வதெழுதுதல் வைக்கிறேன். இலை என்றால் 'எல' என்று எழுதுகிறான். இடம் 'எடம்' ஆகிறது. உலகம் 'ஒலகம்', உடம்பு 'ஒடம்பு', குடம் 'கொடம்', விலை 'வெல'. பத்துக்கு ஆறு தப்பு. இவனுக்கு இ, உ எழுத்துகளே தெரியவில்லை என்று முடிவு கட்டலாம். ஆனால் அதே தாளில் இடி, கிளி, உப்பு, புளி நான்கையும் சரியாக எழுதியிருக்கிறான். இ தெரியாதவன் கிளியை எப்படி எழுதினான்?

தப்பான சொற்களை ஒரு பக்கமும் சரியானவற்றை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். இ, உ இரண்டுக்கும் பின்னால் ஒற்றை மெய்யோடு அ, ஆ, ஐ ஒலி வரும் சொற்களில் பெரும்பாலும் நம் பேச்சில் இ எகரமாகவும் உ ஒகரமாகவும் இறங்கிவிடுகின்றன. நிலம் நெலமாவதும் புகை பொகையாவதும் இதனால்தான். பின்னால் இ, உ ஒலி வந்தால் மாறுவதில்லை. இடி இடிதான், புளி புளிதான். மெய் இரட்டித்தாலும் மாறுவதில்லை. சித்தப்பா 'செத்தப்பா' ஆவதில்லை. பையனின் காது அவ்வளவு துல்லியம். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறான். நாம் பேசுவது போல எழுதுவதில்லை என்ற செய்தியை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டும் போட்டுக் கொடுத்தால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? எகரமே தப்பு போல என்று முடிவுக்கு வந்து, அடுத்த வாரம் எலியை 'இலி' என்று எழுதுவான். ஆகவே கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் வீட்டுப் பேச்சு, மறுபக்கம் புத்தகப் பேச்சு. பிள்ளைகளே இணை இணையாகச் சொல் தேடினார்கள். விளையாட்டு முடிவதற்குள் எந்தச் சொல் மாறும், எது மாறாது என்று அவர்களே ஊகிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் ஒலியியல் விதியைத் தேடிய வகுப்பு அது.

இன்னொரு பிழை. ஒகர, எகர வரிசை. குழந்தை 'பெ' எழுதும்போது முதலில் ப போட்டுவிட்டுக் கொம்பை அதன் பின்னால் ஒட்டும். பெரியவர்களுக்கு இது கவனக்குறைவாகத் தெரியும். குழந்தையோ ஒலி வரும் வரிசையில் எழுதுகிறது: முதலில் ப், பிறகு எ. நம் எழுத்துமுறைதான் பின்னால் ஒலிப்பதை முன்னால் எழுதச் சொல்கிறது. 'பொ' என்றால் இருபுறமும் நின்று வளைக்கச் சொல்கிறது. இதைக் குழந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: 'கொம்பு முந்திரிக்கொட்டை, எப்பவும் முன்னாடி வந்து நிக்கும்.' வகுப்பே சிரிக்கும். அப்புறம் கொம்பு இடம் மாறாது.

வீட்டில் சொல்லித்தரும் தாத்தாக்களாலும் ஒரு சிக்கல் வருவதுண்டு. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை நான்கையும் மேலே துதிக்கை வைத்து எழுதிப் பழகியவர்கள். வீட்டுப்பாட நோட்டில் அந்தத் துதிக்கை வந்து சேரும். தாத்தாவும் சரி, புத்தகமும் சரி என்பதை ஆறு வயதுக்கு விளக்குவதுதான் பெரிய பாடம்.

வாய் ஓட்டமாகப் பாடத்தைப் 'படிக்கும்' பிள்ளை வேறு வகை. சரளமாகச் சொல்லும், ஏற்ற இறக்கம் கூடச் சரியாக இருக்கும். விரல் மட்டும் வேறு வரியில் இருக்கும். முழுப் பாடமும் மனப்பாடம். பார்வையிட வருபவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்டால் குழந்தை பாடத்தின் முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓடி வந்து அந்தச் சொல்லில் நிற்கும். உதடு அசைவதைப் பார்த்தால் தெரியும். கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் ஆசிரியருக்கு உண்மை தெரிகிறது.

கணக்கிலும் இதே கதைதான். நூற்று ஐந்தை எழுது என்றால் 1005 என்று எழுதுவார்கள். 100 தெரியும், 5 தெரியும், கேட்ட வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். எண்ணும்போது இருபத்தொன்பதுக்கு அடுத்து 'இருபத்துப் பத்து' என்பார்கள். அது தப்பு என்றாலும் அந்தக் குழந்தைக்கு எண் வரிசையின் கட்டுமானம் பிடிபட்டுவிட்டது என்று நான் மகிழ்ந்துபோவேன். மனப்பாடம் செய்த குழந்தைக்கு அந்தத் தப்பு வராது. தொண்ணூறில் நம் மொழியே ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. எண்பது வரை பத்து பத்தாக வந்துவிட்டு, தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது. தொண்ணூற்றைந்தை மூன்று இலக்கத்தில் எழுதும் குழந்தையை எப்படிக் கோபிப்பது? ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்தால், காதை நம்பியது போதும் என்று கண்ணை நம்பத் தொடங்கும்.

வீட்டு மொழி தமிழாக இல்லாத பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். 'மந்தம்' என்று எழுதிவிட வசதியான குழந்தை. கணக்கு வேளையில் புளியங்கொட்டைகளைப் பரப்பினால் மற்றவர்கள் ஒன்று ஒன்றாக எண்ணுவார்கள். அவள் மூன்று மூன்றாகத் தள்ளி முதலில் முடித்துவிடுவாள். தாயோடு உட்கார்ந்து பாசிமணி கோத்த விரல்கள். பெருக்கல் அவளுக்குப் புதிதாக இல்லை. அதற்கான தமிழ்ச் சொல்தான் புதிது. கணக்கு வழியாகத்தான் அவள் தமிழுக்கு வந்தாள். செங்கல் சூளைகளில் வேலை பார்க்கும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் வரும் வகுப்புகளுக்கும் இது பொருந்தும். பேசாத குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் முன் அதன் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முறைகள் வரும், போகும்

என் பணிக்காலத்தில் கற்பித்தல் முறைகள் பல வந்தன. ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பாய் விரித்தார்கள். சுவரில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியைப் பார்த்து அடுத்த அட்டையைக் குழந்தையே எடுத்துக்கொள்ளும். எனக்கு அதில் பிடித்தது ஒன்று: ஆசிரியர் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினார். குழந்தையின் கண் மட்டத்தில் உட்கார்ந்தால்தான் அதன் விரல் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியும். பிடிக்காததும் உண்டு. அட்டைகளை முடிப்பதே குறியாகிப்போன வகுப்புகளில் குழந்தை ஏணியில் ஏறியது, எழுத்தில் ஏறவில்லை.

பிறகு பெருந்தொற்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை முதல்முறையாகப் பள்ளிக்குள் வந்தபோது அது இரண்டாம் வகுப்பு. பென்சில் பிடிக்கவே கற்றுத்தர வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபரிலும், 'எண்ணும் எழுத்தும்' 2022 ஜூனிலும் வந்தன. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் எழுத்தறிவும் எண்ணறிவும் என்பது பின்னதன் இலக்கு. குழந்தைகளை வகுப்பால் பிரிக்காமல் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது சரியான சிந்தனை. ஒவ்வொரு குழந்தையும் எங்கே நிற்கிறது என்று பார் என்று ஆசிரியரிடம் சொன்ன திட்டம். பார்த்ததைச் செயலியில் ஏற்று என்ற அடுத்த வரி, பார்க்கும் நேரத்தைத் தின்றதும் உண்மை.

எந்த முறையையும் நான் புகழவோ பழிக்கவோ வரவில்லை. நல்ல ஆசிரியர் கையில் நேரம் இருந்தபோது எல்லா முறையும் வேலை செய்தது. நேரம் இல்லாதபோது எல்லாமே சடங்காயிற்று.

ஏறினால் விலகிப்போகும் ஏணி

ஒன்றாம் வகுப்புக்கு என்ன பெரிய படிப்பு வேண்டும் என்ற நினைப்பு நம் ஊரில் மட்டும் இல்லை, நம் பதவி அமைப்பிலும் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துபவரின் பதவிப் பெயர் இடைநிலை ஆசிரியர். அவர் நன்றாக வேலை பார்த்து, மேற்கொண்டு படித்து, பணிமூப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? தலைமையாசிரியராகி நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் போவார். அல்லது பட்டதாரி ஆசிரியராகி ஆறாம் வகுப்புக்கு மேலே போவார். பதவி உயர்வு என்பதே சின்னப் பிள்ளைகளை விட்டு விலகுவதாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலேயே இருந்து அதில் தேர்ந்துவிட்ட ஆசிரியருக்கு அந்தத் தேர்ச்சிக்காக ஒரு பெயரும் இல்லை, ஒரு படியும் இல்லை. மருத்துவத்தில் குழந்தை மருத்துவர் என்று தனி நிபுணர் உண்டு. யாரும் அவரை 'சின்ன டாக்டர்' என்பதில்லை.

பெற்றோரிடமும் இதன் மறுவடிவம் இருக்கிறது. 'கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சரம்மா' என்று பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுப்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். அடிதான் ஆசிரியரின் கருவி என்று அவர்கள் நம்பும்படி அவர்களுடைய காலத்துப் பள்ளி நடந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனைகளைத் தடை செய்திருப்பதை நான் அவர்களிடம் முதலில் சொல்வதில்லை. பிள்ளையின் நோட்டைத் திறந்து, 'எல'வையும் 'எடம்'மையும் காட்டி, 'இவன் நீங்க பேசுறத அப்படியே எழுதியிருக்கான், பாருங்க' என்பேன். 'அட, ஆமா டீச்சர்!' என்று சிரித்துவிடுவார்கள். தன் பிள்ளை மக்கு இல்லை என்று தெரிந்த தாய் அடுத்த முறை தோலைப் பற்றிப் பேசுவதில்லை.

என்ன செய்யலாம்

அரசுக்குச் சொல்ல நான்கு உண்டு. முதலாவது, சிறிய தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் எண்ணிக்கையைத் தலைக்கணக்கோடு வகுப்புக் கணக்கையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குறைந்தது ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கென்று ஒருவர் வேறு எந்த வகுப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்த ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் மாற்றாசிரியர் ஒருவர் வேண்டும். பயிற்சிக்கோ விடுப்புக்கோ ஒருவர் போனால் அன்று அவர் அங்கே நிற்பார். மூன்றாவது, சின்ன வகுப்பிலேயே இருந்தபடி உயர வழி வேண்டும். இருபது ஆண்டு ஒன்றாம் வகுப்பு நடத்தியவர் அந்த ஒன்றியத்தின் புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாகவும் அதற்குரிய ஊதியத்தோடும் அதே வகுப்பில் இருக்க வேண்டும். நான்காவது, செயலியில் ஏற்றும் வேலைக்கு இரண்டு, மூன்று பள்ளிக்கு ஒருவரைப் போட்டால்கூட எட்டு நிமிடத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

தமிழ்த்துறை மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. நான் காட்டிய பிழைகள் எல்லாம் ஓர் ஒன்றியத்தின் சில பள்ளிகளில் கண்டவை. தஞ்சைப் பிள்ளை ழகரத்தை எப்படி எழுதுகிறது, நாஞ்சில் நாட்டுப் பிள்ளை எதில் தடுமாறுகிறது, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராட்டிரமோ பேசும் பிள்ளை எந்த ஒலியில் நிற்கிறது என்பதெல்லாம் அங்கங்கே உள்ள ஆசிரியரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும்போது அவரோடு போய்விடுகிறது. உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு பருவம், வாரம் ஒரு நாள் போய் உட்காருங்கள். சொல்வதெழுதுதல் தாள்களைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயரை எழுதாமல் பிழைகளை மட்டும் எழுதுங்கள். எது மீண்டும் மீண்டும் வருகிறது, எந்த வட்டாரத்தில் வருகிறது, எந்தச் சொல்லில் வருவதில்லை என்று பிரியுங்கள். உங்கள் முதுகலை ஆய்வேட்டுக்கு இதைவிடப் புதிய தரவு எந்த நூலகத்திலும் கிடைக்காது. அப்படி நூறு ஆய்வேடுகள் சேர்ந்தால், புதிதாக வேலைக்கு வரும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் கையில் தமிழ்க் குழந்தைகள் எங்கெங்கே, ஏன் தடுமாறுகிறார்கள் என்று சொல்லும் ஒரு நூல் இருக்கும். எனக்குப் பல ஆண்டுகள் எடுத்ததை அவர் தம் முதல் பருவத்திலேயே தெரிந்துகொள்வார். கிடைக்கும் எட்டு நிமிடமும் அவருக்கு முழுதாகப் பயன்படும்.

இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அப்படிப் போய்வந்த மாணவர் ஒருவர் நிகழ்த்த வேண்டும் என்று துறைத்தலைவரிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். கேட்க நான் வருவேன்.